அறுபத்தெட்டரை மணி நேரம்

செப்டம்பர் 8, 1996
பல்கலைக்கழக விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து இரண்டு வாரமாயிற்று. கடிதம் போடவில்லை என்று அப்பாவிடம் என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாய். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் வெளியூர் அழைப்பு என்றால் அப்பா உன் பக்கத்தில் கடிகாரத்தோடு வந்து நின்றுகொள்வார். அப்புறம் என்ன பேச்சு வரும்? எழுதுவதே மேல்.

இந்தக் கடைசி வருஷம் என்னைப் பிழிந்து எடுக்கிறது. காலையில் இயற்பியல், மத்தியானம் உடற்கூறு. நேற்று தோள்பட்டைக்குள் ஒரு சின்னத் தசையைத் தேடி நாலு பேர் ஒன்றரை மணி நேரம் குனிந்து நின்றோம். கிடைத்ததும் நான், "அட, வூரித் தாத்தாவுக்கு வலிக்கிற இடம்!" என்று கத்திவிட்டேன். மேசையைச் சுற்றி நின்ற மற்ற மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பெரிய ஊர்க்காரர்கள், அவர்களுக்கு உன் முதியோர் இல்லத்து வூரித் தாத்தாவைத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பதினைந்துக்குள் இரண்டு பிசியோதெரபிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்குவதைவிட இதில் வாங்குவது கஷ்டம் என்று இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு இடத்துக்கு இருபது பேர். மதிப்பெண், சிபாரிசுக் கடிதம், கட்டுரை எல்லாம் போக, சிகிச்சை நடக்கும் இடத்தில் நின்று பார்த்த மணி நேரம் ஒன்றுக்கு எண்பது, இன்னொன்றுக்கு நூறு இருக்க வேண்டும். போன வருஷம் விளையாட்டுக் காய மருத்துவமனையில் பார்த்தது முப்பத்து நாலு. கோடையில் முதியோர் இல்லத்தில் உன் பின்னாலேயே அலைந்தது எழுபது. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைக்குப் போய்விட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு உன் முன்னால் வந்து நின்றேனே, அதையும் சேர்த்துத்தான். ஆக நூற்று நாலு. பிழைத்தேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. வூரித் தாத்தாவிடம் பாக்கெட்காரி கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை
ஹைடி


செப்டம்பர் 22, 1996

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதமும் படிவமும் வந்தன. அப்பா நலம். பனி விழுவதற்கு முன்பே பனி தள்ளும் வண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, எப்போது விழும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனிதருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சவுனா நீராவியில் குளித்துவிட்டு, மேசையைத் துடைத்து, அப்பாவின் எண்ணெய்க் கை படாத பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷமாக இந்த இல்லத்தில் பிசியோதெரபி உதவியாளராக இருக்கிறேன். நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் உரிமம் பெற்ற தெரபிஸ்ட் திரு. பிரூவிட்டின் கையெழுத்து விழ வேண்டும், அப்போதுதான் அது செல்லும். என் கையெழுத்து மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் போய் நிற்பது இதுதான் முதல் தடவை. அதனால் வேறு காகிதத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிக்காதே. உரிம எண் என்று ஒரு கோடு இருந்தது. உதவியாளர்களுக்கு எண் தருவதில்லையே, அதனால் அதை வெறுமனே விட்டுவிட்டேன்.

வூரித் தாத்தா வழக்கம்போல. எழுந்து நிற்பதற்கு முன்னால் இன்னும் பழைய ரயில் ஓட்டுநராகவே கேட்கிறார்: "தடம் காலியா?" நான், "காலி. கெளம்புங்க" என்று சொன்னால்தான் சக்கர நாற்காலியை விட்டு எழுவார். வியாழக்கிழமை பத்து அடி நடந்தார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்ன பொண்ணா? குளிர் விட்டுதா அவளுக்கு?" என்றார். சிகிச்சையை நின்று பார்க்க வருபவர்கள் நோயாளியைத் தொடக் கூடாது, அதனால்தான் கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னேன் என்று விளக்கினேன். காதில் வாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. இயற்பியலை நினைத்துப் பயப்படாதே, அது பயப்படுகிறவர்களைத்தான் கடிக்கும்.

உன் அக்கா
எல்மா


அக்டோபர் 27, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு சின்னச் சிக்கல். எங்கள் ஆலோசகர் திருமதி கிராண்டல் என் காகிதங்களைச் சரிபார்த்தார். உன் படிவத்தை எடுத்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது செல்லாதும்மா."

"ஏன்? அவங்க பதினோரு வருஷமா அங்க வேலை பாக்கறாங்க."

"உதவியாளர் போடற கையெழுத்த எந்தக் கல்லூரியும் ஏத்துக்காது. உரிமம் உள்ள தெரபிஸ்ட் போடணும். போதாததுக்கு உன் பேருக்குப் பின்னாலயும் கிவேலா, அவங்க பேருக்குப் பின்னாலயும் கிவேலா. சொந்தக்காரங்க வேற!"

காகிதங்களை அள்ளிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் காரியம் சுலபம்தான். அதான் திரு. பிரூவிட் ஒன்று விட்டு ஒரு வியாழக்கிழமை வருகிறாரே, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடு. புதுப் படிவம் வைத்திருக்கிறேன். அவர்தான் உன் மேலதிகாரி, இடமும் அதேதான், மணி நேரமும் அதேதான். வெறும் சம்பிரதாயம். உன்னுடையதைத் திருமதி கிராண்டல் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார், பரவாயில்லை.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். "இந்தத் தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" எல்லோரும் தங்களுக்கு முழங்கால் முறிந்த கதையை எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றும் முறியவில்லை, அதுதான் பிரச்சினை. நவம்பர் முடிவதற்குள் படிவம் கிடைத்தால் நிம்மதி.

அவசரத்தில்,
ஹைடி


நவம்பர் 17, 1996

ஹைடிக்கு,

மூன்று வாரம் உனக்குப் பதில் எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். என் கையெழுத்து குப்பைக் கூடைக்குப் போனதைப் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். எனக்கு அது அப்படி இல்லை. சட்டம் அப்படி என்றால் சரி, திருமதி கிராண்டல் மேல் கோபமில்லை. நீ அந்த வார்த்தையைப் போட்டிருக்க வேண்டாம்.

அது கிடக்கட்டும். வியாழக்கிழமை திரு. பிரூவிட் வந்தார். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது அல்லவா, ஆரஞ்சு சட்டையோடு, துப்பாக்கியைக் காரின் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு வாரக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். எப்போதும்போல் கார் முன்மூடியின் மேல் வைத்து, நான் பக்கம் பக்கமாகத் தூக்கிக் கொடுக்க, அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். நாற்பத்தாறு குறிப்புகள். உன் படிவம் கடைசியில் இருந்தது.

"இது வேறங்க. என் தங்கச்சி கோடையில இங்க எழுபது மணி நேரம் நின்னு பாத்தா. அதுக்கு."

"உனக்குத் தங்கச்சி இருக்காளா?"

"மூணு தடவ அறிமுகப்படுத்தி வெச்சிருக்கேன். ஒரு தடவ உங்க கோட்ட அவ கையில குடுத்து மாட்டச் சொன்னீங்க."

"அட, அவளா! நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு." போட்டுவிட்டார். உரிம எண்ணையும் எழுதிவிட்டார். இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

படிவம் என்னிடம் இருக்கிறது. ரொட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். தினமும் ரொட்டி எடுக்கும்போது அதைப் பார்க்கிறேன், அனுப்ப மனம் வரவில்லை. ஜனவரி பதினைந்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அங்கே வேறு எங்காவது நின்று பார்க்க முடியாதா? விசாரித்துப் பார்.

எல்மா


நவம்பர் 24, 1996

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். புரியவே இல்லை. கையெழுத்து வாங்கிவிட்டாய், அப்புறம் அதை ரொட்டியோடு பூட்டி வைத்திருக்கிறாய்!

நான் அங்கே நின்றேனா இல்லையா? எழுபது மணி நேரமும் கால் கடுக்க நின்றது நான்தானே? அதில் ஒரு பொய் உண்டா? "வேறு எங்காவது விசாரித்துப் பார்" என்கிறாய். இந்த ஊரில் பிசியோதெரபிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இருநூறு பேர், ஒவ்வொரு மருத்துவமனையிலும் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. எனக்கு அடுத்த வாரம் இயற்பியல் தேர்வு.

பதினோரு வருஷமாக உன் குறிப்புகளுக்கு அவர் கார் மேல் வைத்துப் பார்க்காமல்தானே கையெழுத்துப் போடுகிறார்? நீயே பக்கம் பக்கமாகத் தூக்கிக் கொடுத்தாய். அப்போது வராத கூச்சம் என் படிவத்துக்கு மட்டும் ஏன் வருகிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நான் தெரபிஸ்ட் ஆனால், உன்னைப் போன்ற ஒரு உதவியாளரின் குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பேன். அது உனக்குப் பொறுக்கவில்லை. எனக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்தாய் என்று ஊரே சொல்லி வளர்ந்தவள் நான். கொடுத்ததை இப்போது வட்டியோடு கேட்கிறாய் போலிருக்கிறது.

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை. அப்பாவிடம் பரீட்சை என்று சொல்லிவிடு. பரீட்சைதான்.

ஹைடி


டிசம்பர் 4, 1996

அன்புள்ள ஹைடி,

படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது உன் வாழ்க்கை, என் ரொட்டிப் பெட்டியில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் தபாலில் சேர்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு.

முதலில் பொறாமை. உண்டு. இல்லை என்றால் பொய். நீ அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, நெஞ்சில் ஒரு பக்கம் சுருக்கென்றும் இருக்கிறது. உனக்காகப் படிப்பை விட்டேன் என்று ஊர் சொல்கிறது. அம்மா இறந்த வருஷம் அது, உனக்கு ஒன்பது வயது, பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உண்மை என்னவென்றால் இயற்பியலில் நான் இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவது தடவை எழுதப் பயந்துபோய் இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தேன். ஊர் தியாகம் என்றது, கேட்க நன்றாக இருந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன். நீ எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை.

படிவத்தை வைத்திருந்தது பொறாமையால் இல்லை. பெர்டீனி அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பா ரொட்டி வாங்கும் கடைக்காரரின் தாயார். தொண்ணூற்று நாலு பிப்ரவரியில், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து எங்களிடம் வந்தார். ஒரு புதன்கிழமை அவருடைய இடது கெண்டைக்கால் சுடுவதுபோல் இருந்தது. நாடா வைத்து அளந்தேன், வலது காலைவிட இரண்டு சென்டிமீட்டர் பெருத்திருந்தது. நோயைச் சொல்ல உதவியாளருக்கு அதிகாரம் கிடையாது. "இடது கால் வீக்கம், சூடு. தயவுசெய்து பார்க்கவும்" என்று குறிப்பில் எழுதினேன். மறுநாள் வியாழக்கிழமை. திரு. பிரூவிட் அன்றும் காரை விட்டு இறங்கியதோடு சரி. அந்தக் குறிப்புக்கும் கீழே கையெழுத்து விழுந்தது.

நான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எதையும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும், ஹைடி. அன்றைக்கு மட்டும் படித்தார் என்று நம்புவது வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பெர்டீனி அம்மாவை இருபது அடி நடக்க வைத்தேன். "இன்னிக்கு நல்லா நடந்தேன்ல எல்மா?" என்று கேட்டார். சனிக்கிழமை காலை உணவுக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. குறிப்பு முறையாக இருந்தது, கையெழுத்தும் இருந்தது. தலைமைச் செவிலியிடம் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இந்த இரண்டே முக்கால் வருஷமும் பக்கங்களைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது வராத கூச்சம் இப்போது ஏன் என்று கேட்டாய். அப்போதும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். உன் பெயர் எழுதிய காகிதத்தின் கீழே அதே பேனா அதே வேகத்தில் ஓடியதும் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ நின்றாய் என்பது உண்மை. அவர் பார்த்தார் என்பது பொய். நீ முடிவு செய். எப்படிச் செய்தாலும் நான் உன் அக்காதான்.

எல்மா


ஜனவரி 19, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஆறு வாரமாக ஒரு வரி எழுதவுமில்லை. என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பத்தோடு அந்தப் படிவத்தையும் உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பெர்டீனி அம்மாவுக்காக அழுதேன், அழுதுகொண்டேதான் ஒட்டினேன். மறுநாள் மத்தியானம் நூலகத்துக்கு எதிரே உள்ள தபால் பெட்டி வரைக்கும் போனேன். பாதி உறையை உள்ளே விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் கையில் வாழ்த்து அட்டைகளோடு வரிசையில் நின்றுகொண்டு, "போடறியா, இல்ல அதுக்கு முத்தம் குடுத்துக்கிட்டு நிப்பியா?" என்றார். வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அறைக்கு வந்து பிரித்தபோது உறை கிழிந்து, கட்டுரையும் சேர்ந்து கிழிந்துவிட்டது. அதனால் கட்டுரையையும் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

பிறகு மருத்துவமனைகளாக ஏறி இறங்கினேன். பதினொன்றாவது இடத்தில், ராணுவத்தில் இருந்தவர்களுக்கான மருத்துவமனையில், பூஷார் என்று ஒரு தெரபிஸ்ட் ஒத்துக்கொண்டார். பண்டிகைக் காலத்தில் மாணவர்கள் யாரும் வருவதில்லையாம். கிறிஸ்துமஸ் அன்றுகூடப் போனேன். கால் இழந்த ஒருவர் எனக்கு வான்கோழி சாண்ட்விச் கொடுத்தார். நான் பாக்கெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு பூஷார் கேட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தா இத?"

"எங்கக்கா."

"உங்கக்காவுக்கு வேல தெரியுது."

அக்கா, அவர் தான் அறைக்குள் இருந்த நேரத்துக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடுகிறார். சாப்பிடப் போனால் அந்த அரை மணி கிடையாது. நாற்பத்தேழு மணி நேரம் கிடைத்தது. மொத்தம் எண்பத்தொன்று. நூறு கேட்ட கல்லூரி, நிறைவு பெறாத விண்ணப்பம் என்று திருப்பி அனுப்பிவிடும், அது நிச்சயம். இன்னொன்று எண்பது போதும் என்கிறது. அதில் மட்டும் நம்பிக்கை.

திரு. பிரூவிட்டின் படிவத்தை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கிழிக்கவும் மனமில்லை.

பொறாமை என்று எழுதியதைத் திரும்பப் பெறலாம் என்று பார்த்தேன். நீதான் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டாயே. வட்டி என்று எழுதியதை மட்டுமாவது திருப்பிக் கொடு. அந்த வரியை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

உன்
ஹைடி


மார்ச் 23, 1997

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தோடு அந்தப் படிவம் திரும்பி வந்து விழுந்ததும் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவி நின்றதை ஒரு மணி நேரம்கூடப் பார்க்காமல் எழுபது மணி நேரம் பார்த்ததாகப் போட்ட கையெழுத்து. அவருடைய எண், அவருடைய தேதி. அந்தத் தேதியில் அவர் இல்லத்துக்குள் கால் வைக்கவில்லை என்பது வாசல் பதிவேட்டில் இருக்கிறது. இவ்வளவு நாள் என் சொல்லுக்கு எதிராக அவர் சொல் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அந்தச் சாக்கும் இல்லை. தெரபிஸ்ட்களுக்கு உரிமம் தரும் மாநில வாரியத்துக்கு எழுதிவிட்டேன். பெர்டீனி அம்மா விஷயத்தையும், அதில் என் பங்கையும் சேர்த்து.

அதற்கு முன்னால் ரொட்டிக் கடைக்குப் போய் அவர் மகனிடம் நேரில் சொன்னேன். மாவுக் கையோடு நின்று முழுவதும் கேட்டார்.

"இத எதுக்கு இப்ப வந்து சொல்றே?"

"உங்களுக்குத் தெரியணும்னு."

"தெரிஞ்சாச்சு. போ."

அதன் பிறகு அப்பா வேறு கடையில் ரொட்டி வாங்குகிறார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர் எனக்குச் செய்யும் மரியாதை போலிருக்கிறது.

பிப்ரவரி மூன்றாம் தேதி, விசாரணை முடியும்வரை என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டினார். திரு. பிரூவிட் வருவதை நிறுத்திவிட்டார். என் பெயரில் ஒரு எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள், அது அங்கேயே இருக்கும். இருக்கட்டும், அது சரிதான்.

ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்து இறைச்சி வைத்த பேஸ்டியாகச் சுட்டுத் தள்ளினேன். அப்பா எடை கூடிவிட்டார். போன திங்கட்கிழமை இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். என் மேல் உள்ள பிரியத்தால் இல்லை. வூரித் தாத்தா ஆறு வாரமாக எழுந்து நிற்கவே இல்லையாம். புதிதாக வந்த பையன் என்ன செய்தும் நடக்கவில்லை. நான் உள்ளே போனதும் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தடம் காலியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"காலி. கெளம்புங்க."

"ஆறு வாரமா கேக்கறேன், ஒருத்தனும் பதில் சொல்லல. பதில் சொல்லாம வண்டிய எடுக்க முடியுமா?" என்று அந்தப் பையனைத் திட்டிக்கொண்டே எழுந்தார். நாலு அடிதான். கால் இளைத்துவிட்டது. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

புது தெரபிஸ்ட் ஒரு அம்மாள், வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். குறிப்புகளை நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார். நேற்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, "இது என்ன எழுத்து, கோழி கெளறின மாதிரி?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களா? எழுது. வட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 20, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கூப்பிட்டார்கள், போனேன், கிடைக்கவில்லை. நேற்று கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில்கூட இல்லை. "அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க ஊக்குவிக்கிறோம்" என்று ஒரு வரி. காலையிலிருந்து அழுதுவிட்டு, குளித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர், நான் பார்த்ததில் மறக்க முடியாதது எது என்று கேட்டார். ராணுவ மருத்துவமனையைப் பற்றிச் சொல்லத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வூரித் தாத்தாவும் நீயும் வந்துவிட்டீர்கள். தடம் காலியா என்று தாத்தா கேட்பதையும், நீ "காலி" என்று சொல்லும்போது உன் கை அவர் இடுப்புப் பட்டையில் இருப்பதையும், அவர் முழங்காலைப் பார்க்காமல் முகத்தையே நீ பார்ப்பதையும் சொன்னேன். நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த முதியோர் இல்லம் உங்க விண்ணப்பத்துல இல்லையே?"

"இல்லீங்க. அது கணக்குல வராது."

"ஏன்?"

"கையெழுத்துப் போட வேண்டியவர் பாக்கல. பாத்தவங்க கையெழுத்து செல்லாது."

ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது! இல்லை, அதனால்தான் என்றும் சொல்ல முடியாது. இயற்பியலில் நான் வாங்கியது உனக்குத் தெரியாது, தெரிந்தால் நம் குடும்ப வியாதி என்பாய்.

கோபம் இருக்கிறதா என்று நீ கேட்க மாட்டாய், அதனால் நானே சொல்கிறேன். இருக்கிறது. அந்தப் படிவத்தை அனுப்பியிருந்தால் இரண்டு கல்லூரியிலும் என் பெயர் நின்றிருக்கும். ஒன்றாவது கிடைத்திருக்கலாம். உன் மேல் இல்லை, ஆனால் இருக்கிறது. கொஞ்ச நாளில் போய்விடும். அடுத்த செப்டம்பரில் மறுபடி விண்ணப்பிப்பேன். மே கடைசியில் வீட்டுக்கு வருகிறேன், உன் புது தெரபிஸ்ட் அம்மாளிடம் என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்டு வை.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். படிவம் மாதிரி நானே அளவுகோல் வைத்துக் கோடு போட்டது. மாணவி பெயர், இடம், 1996 கோடை, எழுபது மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். உரிம எண்ணுக்குக் கோடு போடவில்லை. இதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பப் போவதில்லை. முதல் படிவம் குப்பைக் கூடைக்குப் போனபோது பரவாயில்லை என்றேனே, அது அப்படி இல்லை. எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு.

உன் தங்கை
ஹைடி


ஏப்ரல் 27, 1997

ஹைடிக்கு,

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். பனி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறார், பனியே இல்லை. கோபம் இருக்கும் மட்டும் வைத்துக்கொள், அவசரமில்லை.

புது அம்மாளிடம் கேட்டேன். ஜூன் இரண்டு, காலை எட்டு மணி. பாக்கெட் உள்ள சட்டையாகக் கொண்டு வா.

உன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். எழுபது என்று எழுதியிருந்தாய், அதை அடித்து அறுபத்தெட்டரை என்று திருத்தியிருக்கிறேன். ஜூலை ஐந்தாம் தேதி மத்தியானம், சமையல் அறைக்குப் பின்னால் அப்பாவின் காரில், ஒன்றே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை நீ தூங்கினாய். வெயிலாக இருந்தது, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டது நான்தான்.

மற்ற அறுபத்தெட்டரையும் நான் பார்த்தேன்.

அக்கா
எல்மா கிவேலா